இறப்பர் தோட்டமும் இன்றைய ஓவியமும்

இன்றைய ஓவியத்தையும் சிற்பத்தையும் அறிந்துகொள்ள யாருடைய எழுத்தைத் தொடர்ந்து படிப்பது என்னும் கேள்வி, கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களிலிருந்து படித்து வெளிவரும் இளைஞரிடையே இப்பொழுது எழுகின்றது. நல்ல கேள்வி. சிறுகதையைப் பற்றியோ கவிதையைப் பற்றியோ கேட்டிருந்தால் பத்துப் பெயர்களை ஒரே மூச்சிற் சொல்லிவிடலாம். ஓவியம் என்றவுடன் சற்றே தயங்க வேண்டியிருக்கிறது. ‘தீர்த்தக்கரை’, ‘கொழுந்து’ முதலிய மலையக ஏடுகள் இலக்கியத்துக்காகப் பட்ட பாடு பெரிது. ‘மல்லிகை’ தன் அட்டையில் எழுத்தாளரின் உருவப்படத்தை இட்டு அவர்களைப் பெருமைப்படுத்தியது. ஆயினும் ஒரு படத்தின் முன்னே நின்று அதை எப்படிப் பார்ப்பது என்பதைத் தமிழில் தொடர்ந்து சொல்லித்தரும் எழுத்து நமக்கு வாய்த்தது குறைவு. கலைபற்றிய பேச்சிற் பெரும்பகுதி கொழும்பில், ஆங்கிலத்தில், காட்சிச்சாலைகளின் அழைப்பிதழ்களோடும் கையேடுகளோடும் நடந்து முடிந்துவிடுகிறது.

ஆகவே, இன்னார் இன்னாரைப் படியுங்கள் என்று சொல்லுமுன் ஓர் உரைகல்லைக் கையிற் கொடுக்க விரும்புகிறோம். தோட்டத்து மனிதர் இடம்பெற்ற ஒரு படத்தைப் பற்றி எழுதுகிறவர், அந்த மனிதர் யார், அவர் கையில் இருப்பது என்ன, அந்த வேளையில் அவர் செய்துகொண்டிருந்த வேலை எத்தகையது, அதற்கு அவர் பெற்ற கூலி எவ்வளவு, முடிந்த படத்தை அவரால் போய்ப் பார்க்க முடிந்ததா என்பனவற்றுள் ஒன்றையேனும் கேட்கிறாரா? கேட்பாராயின் அவரைத் தொடர்ந்து படிக்கலாம். வண்ணங்களின் மௌனம், கோடுகளின் தவம் என்று மட்டும் எழுதிச் செல்வாராயின், நடை எவ்வளவு மினுங்கினாலும் தோட்டத்து வாசகனுக்கு அதனால் ஆவதொன்றுமில்லை.

இந்த உரைகல்லை முதலிற் பழைய படங்களில் உரைத்துப் பார்ப்போம். ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலப் பெண்மணி புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர். தெனிசன், டார்வின், ஹேர்ஷல் ஆகியோர் அவருடைய கமராவின் முன் அமர்ந்தனர்; அவர்கள் பெயரும் படமும் ஒன்றாகவே உலகத்தை வலம் வந்தன. 1875 இல் அவர் கணவரோடு இலங்கைக்கு வந்தார். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், நம் வரலாற்றுப் பாடநூல்களில் வரும் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தத்தின் அதே கமரன். இங்கே கோப்பித் தோட்டங்களுக்கு உரிமையாளராகவும் இருந்தார். அம்மையார் இங்கும் படம் எடுத்தார். களுத்துறையிலும் தோட்டத்திலும் வாழ்ந்த எளிய மக்களை எடுத்தார். அவற்றில் எஞ்சியவை சிலவே. முகங்களில் வீழும் ஒளி தெனிசன் முகத்தில் வீழ்ந்த அதே ஒளிதான். அந்த அளவில் அவர் பேதம் பாராட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 1878 இல் எடுத்த ஒரு படத்தின் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்பது. குழு! அங்கே டார்வினுக்குப் பெயர் இருந்தது. இங்கே குழுதான் இருந்தது. 1879 இல் அவர் மலைநாட்டிலேயே இறந்தார். பொகவந்தலாவையில் தேவாலய வளவில் அவர் கல்லறை இருக்கிறது. அதிற் பெயர் இருக்கிறது.

பிறகு தேயிலை வந்தது. படமும் சரக்கோடு சேர்ந்துகொண்டது. ஹென்றி கேவ் 1900 இல் வெளியிட்ட ‘கோல்டன் டிப்ஸ்’ என்னும் நூல் இலங்கைத் தேயிலையின் பெருமையை விரித்துரைப்பது, புகைப்படங்கள் நிறைந்தது. படங்கள் துல்லியமானவை. அவற்றிலிருந்து தேயிலை எப்படி ஆக்கப்படுகிறது என்பதைப் படிப்படியாக அறியலாம்; ஆக்குகிறவர் எப்படி வாழ்கிறார் என்பதை மட்டும் அறிய முடியாது. அன்று தொடங்கிய உருவம், கூடை சுமந்து, தலையிற் சீலை போர்த்து, இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளிப் புன்னகைக்கும் பெண், நூற்றாண்டு கடந்தும் தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலாச் சுவரொட்டியிலும் இன்னும் களைக்காமற் புன்னகைத்துக்கொண்டிருக்கிறாள்.

இதற்கு ஒரு விலக்கையும் சொல்லிவிட வேண்டும். பசில் றைற் 1934 இல் முடித்த ‘இலங்கையின் பாட்டு’ என்ற திரைப்படம் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபையின் பணத்தில் எடுக்கப்பட்டது. விளம்பரத்துக்காகப் பிறந்த அப்படத்தின் ஒரு பகுதிக்கு ‘வணிகத்தின் குரல்கள்’ என்று பெயர். அங்கே திரையில் உழைப்பு நடக்கும்போது காதில் சந்தை நிலவரமும் வணிகக் கடிதங்களும் ஒலிக்கின்றன. கண்ணுக்கு ஒன்றும் காதுக்கு ஒன்றுமாக வைத்து, இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் வேலையைப் பார்ப்பவனிடம் விட்டார் அவர். காசு கொடுத்தவர் யார் என்பது ஒரு கலைப்படைப்பைப் பற்றி நிறையச் சொல்லும், எல்லாவற்றையும் சொல்லிவிடாது.

நம் நாட்டின் நவீன ஓவியம் என்றால் 43 குழுவைத்தான் எல்லோரும் தொடக்கமாகக் கொள்வர். 1943 ஆகஸ்டில், லயனல் வென்றின் இல்லத்திற் கூடிய அக்கலைஞர்கள் பழைய கல்விக்கூட மரபை உடைத்தெறிந்தது பெரிய காரியம். ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஐவன் பீரிஸ் ஆகியோரின் ஆற்றலை மறுப்பவர் கலையை அறியார். ஆனால் கண்டியிற் பிறந்த கீற், கிருஷ்ணனையும் கோபியரையும் புத்தசரிதத்தையும் தேடிச் சென்ற தூரத்தோடு ஒப்பிட்டால், கண்டியைச் சூழ்ந்திருந்த லயங்கள் எவ்வளவு அருகில் இருந்தன! அருகில் இருந்தது அவர்களுடைய கலையின் நடுப்பொருளாகவில்லை. இதைக் குற்றச்சாட்டாக அன்று, ஓர் உண்மையாகவே குறிக்கிறோம். நவீனம் என்னும் சொல் இருந்தாற் போதாது. யாருடைய வாழ்வுக்கு நவீனம் என்பதையும் கேட்கவேண்டும்.

அதே ஆண்டுகளில் வங்காளத்தில் வேறொன்று நடந்தது. 1943 பஞ்சத்தின்போது சித்தப்பிரசாத் மிட்னாப்பூர் மாவட்டமெங்கும் நடந்து, பசித்தவர்களை வரைந்து, ‘பசித்த வங்காளம்’ என்னும் சிறுநூலை வெளியிட்டார். ஆங்கில அரசு அதன் பிரதிகளைக் கைப்பற்றி எரித்தது. ஓர் அரசு ஓவியத்துக்கு அளிக்கக்கூடிய மிக நேர்மையான விமரிசனம் அது என்று சொன்னாலும் தகும். 1946 இல் சோமநாத் ஹோர் தேபாகா குத்தகை விவசாயிகளின் கிளர்ச்சி நடந்த ரங்கப்பூர்க் கிராமங்களுக்குச் சென்றார். அவர்களோடு நடந்தார், கூட்டங்களில் இருந்தார். பகலிற் கண்டதை வரைந்து நாட்குறிப்பாகவும் எழுதினார். பின்னர் வடவங்கத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையிலும் அவ்வாறே சென்று ஒரு நாட்குறிப்பு வைத்தார். அந்த இரு நாட்குறிப்புகளையும் நம் தோட்டத்து இளைஞர் தேடிப் படிக்கவேண்டும். கோடும் சொல்லும் ஒரே கையிலிருந்து பிறந்தவை அவை. வரைவதும் விமரிசிப்பதும் அங்கே இரு தொழில்கள் அல்ல.

“கலைக்குள் கூலிக் கணக்கை ஏன் நுழைக்கிறீர்கள்?” என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வோம். தொழிலாளியை வரைந்துவிட்டதனாலேயே ஒரு படம் நல்ல படமாகிவிடாது. மேதினச் சிறப்பிதழ்களின் அட்டையில் ஆண்டுதோறும் உயரும் அந்தச் சிவந்த முட்டி யாருடைய கை? பால் வெட்டிய கையா, கொழுந்து கிள்ளிய கையா, அச்சுக்கோத்த கையா? ஒவ்வொரு தொழிலும் ஒவ்வொரு விதமாகக் கையைக் காய்ப்பேற்றும். அதைக் காணாதவன் வரைந்த முட்டிக்கும் தேயிலைப் பெட்டியிலுள்ள புன்னகைக்கும் பெரிய வேறுபாடில்லை. இரண்டும் பார்த்து வரைந்தவை அல்ல.

இனி இன்றைய காலத்துக்கு வருவோம். இங்கே மகிழ்ச்சிக்கு இடமுண்டு. தோட்டத்திற் பிறந்த பிள்ளைகளே தூரிகை எடுத்துவிட்டார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயின்று வந்த ஹனுஷா சோமசுந்தரம், அருள்ராஜ் உலகநாதன் ஆகியோரின் பெயர்கள் தலைநகரின் காட்சிச்சாலைகளில் இன்று தெரிந்த பெயர்கள். ஹனுஷா, தேயிலைப் பைகளையும் தேநீர் வடிகட்டிகளையும் தம் படைப்புக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார். குடிப்பவர் கையில் வடிகட்டியைப் பார்க்கிறார். சாறு கீழே போய்விட, சக்கை மேலே தங்குவதைத் தோட்டத்துப் பெண்ணின் கண்ணோடு பார்த்தவர் இவர். வெளியாருக்கு விளக்கவேண்டியதைப் பொருளே விளக்கிவிடுகிறது. கமரனின் கமராவுக்கு முன்னே குழுவாக நின்றவர்களின் வழிவந்தவர்கள் இன்று படத்தின் கீழே தம் கையெழுத்தை இடுகிறார்கள் என்பது சிறிய செய்தியன்று.

எனினும் ஓர் அச்சத்தையும் மறைக்காமற் சொல்லவேண்டும். தேயிலைக் கறை, தேயிலைப் பை, கொழுந்துக் கூடை இவை மிக விரைவில் அடையாளச் சின்னங்களாக உறைந்துவிடக் கூடியவை. காட்சிச்சாலைக்கு வருகிறவர் வாசலிலிருந்தே, “ஆ, மலையகம்!” என்று அறிந்துகொள்கிறார், அறிந்துகொண்டதோடு திருப்தியடைந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். இது ஓவியரின் குறையன்று. படத்தையும் பார்வையாளனையும் நிறுத்தி வைத்துப் பேசவேண்டிய விமரிசகனின் குறை. ‘துயரம்’, ‘அடையாளம்’, ‘நினைவு’ என்று மூன்று சொற்களை வைத்துக்கொண்டு மலையகக் கலைஞர் அனைவரையும் ஒரே பந்தியில் முடித்துவிடும் ஆங்கிலக் குறிப்புகளைப் பார்க்கும்போது, அந்தப் பழைய ‘குழு’ நினைவுக்கு வருகிறது.

2019 டிசம்பரிற் கொழும்பிலே தொடங்கப்பட்ட நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் இந்த வகையில் ஒரு நல்ல காரியம் செய்தது: படங்களுக்கான குறிப்புகளைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் வைத்தது. தமிழிற் கலை எழுத்தைத் தேடுகிறவர் அக்குறிப்புகளிலிருந்து தொடங்கலாம். ஆனால் இரத்தினபுரியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 100 கிலோமீற்றர். தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபாவாக உயர 2021 மார்ச் வரை காத்திருக்க நேர்ந்தது. அதுவும் வேலைக்குப் போன நாளுக்கு மட்டும். ஒரு படத்தைப் பார்க்க ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழக்கவேண்டியவனுக்கு, நுழைவு இலவசம் என்று பலகை மாட்டுவது எவ்வளவு தூரம் உதவும்?

இவ்வளவும் பொதுவில் மலையகத்தைப் பற்றியவை. சப்ரகமுவத் தோட்டங்களுக்கோ இன்னொரு தனிக் குறை உண்டு. மலையகம் என்றால் தேயிலை, தேயிலை என்றால் நுவரெலியா என்று கலையுலகம் முடிவுகட்டிவிட்டது. எட்டியாந்தோட்டை, தெரணியகல, தெஹியோவிட்ட, ருவன்வெல்ல என்று களனிப் பள்ளத்தாக்கு நெடுகிலும் தலைமுறை தலைமுறையாக நம்மவர் வெட்டியது கொழுந்தன்று, இறப்பர்ப் பால். பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற வித்துகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876 இல் கன்றுகளாக ஹெனரத்கொடைக்கு வந்தன. 1952 இல் இந்நாடு அரிசிக்கு அலைந்தபோது சீனத்தோடு செய்த உடன்படிக்கை இறப்பருக்கு அரிசி என்பதே. நாடு அந்த அரிசியை உண்டது. பால் வெட்டியவரின் முகம் எந்தச் சுவரில் தொங்குகிறது?

ஏன் இந்த ஓரவஞ்சனை? நாம் யோசித்தமட்டில், காரணம் அரசியல் மட்டுமன்று, காட்சியும்தான். தேயிலை மலை வெளிச்சமானது. பெண்கள் வரிசையாக நிற்பார்கள். சேலைகளின் நிறம், பின்னே பச்சை, அதற்கும் பின்னே முகில். கமராக்காரன் சாலையோரத்தில் நின்றே எடுத்துவிடலாம். இறப்பர்க் காடு அப்படிப்பட்டதன்று. அங்கே எப்போதும் நிழல். விடிவதற்கு முன்னே வேலை தொடங்கவேண்டும். குளிர்ந்த வேளையில்தான் மரத்தினுள்ளே அழுத்தம் மிகுந்து பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏறச் சுரப்பு மட்டுப்படும். பால் வெட்டுபவர் தம் பங்கான 300 அளவிலான மரங்களுக்கிடையே தனியாக நடக்கிறார். கூட்டமில்லை, பாட்டில்லை, பார்ப்பவருமில்லை. சுற்றுலாக்காரன் எழுந்து காலையுணவு உண்ணும்போது வெட்டு முடிந்துவிடுகிறது. பின்னர் சிரட்டைகளிற் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சேர்த்து, நிறுவைக்குக் கொண்டுபோய், ஒட்டுப்பாலையும் உரித்துக் கொடுத்தாலே அன்றைய கணக்கு. மழை பெய்தால் வெட்டில்லை. இரத்தினபுரியில் மழையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

ஓவியக் கண்ணுடையவர் ஒருவர் அந்த இருட்டில் ஒரு காலை நின்று பார்க்கட்டும். பட்டையின் மேல் சரிவாக, அரைச்சுற்றாக ஒரு கோடு. ஒவ்வொரு வெட்டிலும் முந்திய கோட்டின் கீழே மயிரிழையளவு பட்டை சீவப்படுகிறது. ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் மிகுந்து உள்ளிருக்கும் வளர்படையைத் தொட்டால் மரம் காயப்பட்டு முடிச்சு விழும், பட்டை மறுபடி செவ்வையாக வளராது. கணக்கப்பிள்ளையின் ஏச்சும் விழும். ஆண்டுக்கணக்கில் இப்படிச் சீவிய மரத்தில் ஒரு மனிதரின் கைப்பழக்கம் முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது; அனுபவசாலிகள் வெட்டைப் பார்த்தே இன்னார் கை என்று சொல்வர். கோட்டின் அழுத்தத்தைப் பற்றி ஓவியப் பள்ளியிற் சொல்லிக்கொடுப்பதை இருட்டில், கால்களில் அட்டை கடிக்க, செய்து காட்டுகிற மனிதர் இவர். செதுக்கோவியம் செய்யும் நம் இளங்கலைஞர் எவரேனும் இந்தக் கத்தியைத் தம் கருவியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டாமா? புகையறையிலே திரைச்சீலைகள் போலத் தொங்கும் இறப்பர்த் தகடுகள், நாள் செல்லச் செல்ல வெள்ளையிலிருந்து தேன்நிறமும் கபிலமும் ஆகும் வண்ண மாற்றம் எந்த நிறப்பெட்டியில் இருக்கிறது?

இன்னொரு காரணமும் உண்டு, அது கசப்பானது. சப்ரகமுவத் தோட்டத் தமிழர் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறி வாழும் சிறுதொகையினர். 1977 இல் அடி விழுந்தது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, இறக்குவானை, காவத்தைப் பகுதித் தோட்டங்களில் மறுபடியும் லயங்கள் எரிந்தன. 1983 இல் மூன்றாம் முறை. வன்னியில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர் பலர். கடல் கடந்தவர் பலர். எரிந்த காம்பராவில் ரங்குப்பெட்டியும் எரிந்தது. ரங்குப்பெட்டிக்குள் இருந்த கலியாணப் படமும் எரிந்தது. அயற்கிராமத்துச் சிங்கள ஏழையும் அதே பால்மரத்தை வெட்டியே பிழைத்தான் என்பதையும், எரிந்த இரவுகளிலே தம் வீட்டில் ஒளித்து வைத்துக் காத்த அயலவர் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இவையெல்லாம் வாய்ச்சொல்லாக இருக்கின்றன. படமாக இல்லை. 2016 மே 17 ஆம் நாள் மண்சரிவில் அரநாயக்கவின் பெயரை உலகம் அறிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய, களுபஹன தோட்டத்திலும் லயத்தின் மேல் மண் சரிந்து உயிர்கள் போயின. அந்த லயத்தின் படத்தை நினைவிலிருந்து சொல்லக்கூடிய வாசகர் எத்தனை பேர்?

இந்த இடத்தில் ஒரு படைப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011 இல் ‘நிறைவுறாத தோம்பு’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை ஆக்கினார். போரில் வீடிழந்தவர்களிடம், இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். கிணறு இங்கே, மாமரம் இங்கே, சாமியறை இங்கே என்று அவர்கள் நடுங்கிய கோட்டில் வரைந்தார்கள். அக்கோடுகளோடு வீடுகளின் கதைகளையும் சேர்த்து வைத்தார். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. அரசின் பதிவேட்டுக்கு மக்களின் நினைவேட்டைப் பதிலாக நிறுத்திய அந்தப் படைப்பை, ஈழத்துச் சமகாலக் கலையின் உச்சங்களுள் ஒன்றாகக் கருதுகிறோம். சனாதனன் எழுதுகிறவரும் ஆவார். தொடர்ந்து படிக்கவேண்டியவர் என்று தயங்காமற் சொல்லலாம்.

ஆனால் அந்த நூலைத் தெரணியகலையிலோ இறக்குவானையிலோ இருந்து விரிக்கும்போது வேறொரு கேள்வி எழுகிறது. எந்தத் தோம்பிலும் பெயரில்லாதவர்கள் நாம். காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் காம்பராவும் போகும். 1948 இன் குடியுரிமைச் சட்டம் நாட்டையே இல்லாமற் செய்தது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று எழுதி, 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில், தாத்தாவும் பாட்டியும் கமராவின் முன் நின்ற ஒரே தருணம், கடவுச்சீட்டு விண்ணப்பத்துக்காகப் பட்டணத்து ஸ்டூடியோவில் நின்ற தருணமே. கமரனுக்குப் பின் நம்மவரை ஒவ்வொருவராக, பெயரோடு, நேர்முகமாகப் படம் எடுக்கச் செய்தது கலையன்று. அவர்களை வெளியேற்ற விரும்பிய ஓர் ஒப்பந்தம். எஞ்சியிருக்கும் அந்தச் சிறு சதுரப் படங்களைக் குறித்து, ஒரு குறுந்தொகை உருவப்படக் கலையாகக் கருதி எழுதப்படும் ஒரு கட்டுரைக்காகக் காத்திருக்கிறோம். கம்பளையின் அருகே, பழைய பீகொக் தோட்டத்து லயத்தில் 2007 இல் தொடங்கிய தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம், பெட்டியும் படிக்கமும் கவ்வாத்துக் கத்தியுமாகப் பொருள்களைச் சேர்த்துக் காத்து வருகிறது. பால்கத்திக்கும் சிரட்டைக்கும் கேகாலைப் பக்கத்தில் அப்படியோர் இடம் வேண்டும்.

எரிந்த லயங்களின் தரைப்படத்தை யாரேனும் இனி வரைவதானால் அங்கே கிணறும் மாமரமும் இரா. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, அதிலே ஓர் அடுப்பு; பக்கத்தில் அதே அளவில் இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று. எல்லாக் காம்பராவும் ஒன்றுபோலவே இருக்கும். எந்தச் சுவரில் சாமிப்படம் இருந்தது, எந்த மூலையிற் குழந்தைக்குத் தொட்டில் கட்டினார்கள், பால்கத்தியை எந்தக் கூரை இடுக்கிற் செருகி வைத்தார்கள் என்பவற்றில்தான் ஒன்றுக்கொன்று வேறுபடும். வன்னிக்குப் போன முதியவர்களுள் இதைச் சொல்லக்கூடியவர் சிலர் இன்னும் இருக்கிறார்கள்.